பெயர் வைக்காத பிள்ளைக்கு மூன்று பெயர்

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
25.7.1976

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

மெட்டில்டா எழுதுகிறேன். நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். மாமிக்கு முட்டுவலி இருக்கிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் கால் எலும்பு கூடி, கம்பு இல்லாமல் நடந்து, மறுபடியும் கப்பலில் ஏறிவிட்டீர்கள் என்று படித்ததும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். கடிதத் தலைப்பில் எப்போதும் சேசு மரி சூசை என்று எழுதுவீர்கள். இந்தத் தடவை அந்த இடம் வெறுமையாக இருந்தது. அவசரத்தில் மறந்திருப்பீர்கள் என்று நினைத்தேன். இரண்டாம் பக்கத்துக்கு வந்தபிறகுதான் நீங்கள் மறக்கவில்லை, விட்டுவிட்டீர்கள் என்று புரிந்தது.

ஹொனலூலு ஆஸ்பத்திரியில் கால் ஒடிந்து கிடந்தபோது கப்பல்காரர் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை, வெள்ளைச் சட்டை போட்டு டை கட்டிய இரண்டு வாலிபர்கள்தான் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள், ஆரஞ்சு உரித்துத் தந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆரஞ்சு தந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வரவேண்டியதுதானே அத்தான்? அவர்களுடைய மார்மன் சபையில் சேர்ந்து, தொட்டியில் முழுகி, இன்னொரு ஞானஸ்நானம் வாங்கினால்தான் நன்றி தீருமா? நானூறு வருஷமாக ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டிருக்கிற சனம் நாம். நமக்கு அதில் என்ன பஞ்சம்?

நம் ஞானஸ்நானம் செல்லாது என்கிறீர்கள். அப்போஸ்தலர்கள் செத்தபிறகு அந்த அதிகாரம் பூமியை விட்டே போய்விட்டது, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு வாலிபருக்கு வானதூதர் தங்கத் தகடுகளைக் காட்டியபிறகுதான் எல்லாம் திரும்பக் கிடைத்தது என்கிறீர்கள். அப்படியானால் நடுவில் செத்தவர்கள் கதி என்ன என்று கேட்க வாயெடுத்தேன். அதற்கும் பதில் எழுதி வைத்திருக்கிறீர்கள். செத்தவர்களுக்குப் பதிலாக உயிரோடிருப்பவர்கள் முழுகலாமாம். உங்கள் அப்பாவுக்காக நீங்கள் முழுகப்போகிற செய்தியை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அந்த மனுசன் ஆயுசு பூரா கடல்ல முழுகுனவரு, இவன் தனியா முழுக வேண்டாம்னு எழுது ஏளா, என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டார்கள்.

பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனி ஆட்கள், பிதாவுக்கு நம்மைப் போலவே எலும்பும் சதையும் உண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். மூன்று ஆட்கள், ஒரே கடவுள் என்று ஞானோபதேச வகுப்பில் நான் மனப்பாடம் செய்தேனே தவிர, அது எனக்குப் புரிந்ததே இல்லை. நீங்கள் சொல்வது உடனே புரிகிறது. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது. எனக்கே புரிந்துபோகிற கடவுள் எப்படி இந்த உலகத்தை நடத்துவார்?

சாராயத்தையும் பீடியையும் விட்டதற்கு அந்தச் சபைக்காரர்கள் பெயரில் ஒரு பூசை வைக்கலாம் என்று மாமி சொல்கிறார்கள். டீயை விட்டதைத்தான் இங்கே ஒருத்தரும் நம்பவில்லை. காலையில் டம்ளரைக் கையில் கொடுக்கும்வரை பெண்டாட்டி யார், பூனை யார் என்று தெரியாத மனுஷன் நீங்கள். நம் கோயில் தேவபிரசாதம் சாமியாரிடம் விசாரித்தேன். மார்மன் என்றால் பல பெண்டாட்டி கட்டுகிறவர்கள் என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். அது போன நூற்றாண்டிலேயே நிறுத்தப்பட்டது என்று நீங்கள் எழுதியிருந்ததைச் சொன்னேன். சந்தோஷம் என்றார். எனக்கும் சந்தோஷம்தான்.

இதெல்லாம் உங்கள் மனசு, உங்கள் ஆத்துமா. ஆனால் கடைசிப் பக்கத்தில் என் மடியில் கை வைத்துவிட்டீர்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது, எட்டு வயதில் நல்லது கெட்டது தெரிந்து அதுவே கேட்டு வாங்கவேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பாவம் கிடையாது, செத்தாலும் நேரே கடவுளிடம்தான் போகும். பெயரும் வைக்கக் கூடாது, டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்து வந்து நானே தலையில் கைவைத்து ஆசீர்வதித்துப் பெயர் சொல்வேன். அதுவரை யார் சொன்னாலும் கேட்காதே, என்மேல் ஆணை. இப்படி எழுதியிருக்கிறீர்கள்.

செத்தாலும் என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது? பிறந்தபோது பிள்ளை அழாமல் நீலம் பாரித்துக் கிடந்ததும், எனக்கு உதிரம் நிற்காமல் போனதும் முந்தின கடிதத்தில் எழுதினேன். நான் எழுந்து நடமாடட்டும் என்றுதான் கோயிலுக்குக் கொண்டுபோவதைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். சாமியாரிடம் தேதி கேட்க இருந்த வாரத்தில் உங்கள் ஆணை வந்து சேர்ந்தது. ஞானஸ்நானம் இல்லாமல் போகிற பிள்ளைக்கு மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, மந்திரித்த மண்ணில் இடமும் இல்லை என்று கேட்டு வளர்ந்தவள் நான். கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே புதைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

நாளைக்கு மாதாவுக்குக் கொடியேற்றம். ஊரெல்லாம் வந்து கூடும், எல்லாரும் பிள்ளையை வாங்கிக் கொஞ்சிவிட்டுப் பெயர் என்ன என்று கேட்பார்கள். பாப்பா என்று சொல்லிச் சொல்லி எனக்கு வெட்கமாக இருக்கிறது. மாமி தினமும் என் எதிரில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறார்கள். இருந்தாலும் நீங்கள் ஆணை வைத்துவிட்டீர்கள், நானும் உங்களுக்கு வாக்கப்பட்டவள். டிசம்பர் வரை பொறுக்கிறேன். அதற்கு மேல் ஒரு நாள் கூட என்னால் முடியாது.

காலைப் பார்த்து ஏணியில் இறங்குங்கள். எஞ்சின் அறை எண்ணெய்ப் பிசுக்கு உங்களுக்குத் தெரியாததா?

அன்புள்ள மனைவி,
மெட்டில்டா


சேசு மரி சூசை

தூத்துக்குடி,
3.10.1976

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளைக்கு இப்போது ஒன்றும் இல்லை. பால் குடிக்கிறது, சிரிக்கிறது. இனி எழுதுவதைப் பதறாமல் படியுங்கள்.

போன வாரம் இரண்டு நாளாகக் காய்ச்சல் அடித்தது. மூன்றாம் நாள் காலையில் நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று கண் மேலே சொருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. என் கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. அவசரத்துக்கு ஞானஸ்நானம் யாரும் கொடுக்கலாம் என்பது நம் சனத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெயர் சொல்லி, பிதா சுதன் பரிசுத்த ஆவி என்று சொல்லி, தலையில் ஊற்ற ஒரு நிமிஷம் ஆகாது. நான் ஊற்றவில்லை. உங்கள் ஆணை என் கையைப் பிடித்துக்கொண்டது. செம்பைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, செருப்பு கூடப் போடாமல் தெருவில் ஓடி ரிக்‌ஷா பிடித்தேன். டாக்டர் ஊசி போட்டார், காய்ச்சல் ஏறினால் இப்படி வருவதுண்டு, பயமில்லை என்றார். எனக்கு அவர் முகமே தெரியவில்லை. இந்தப் பிள்ளை போயிருந்தால் அதை எந்த மண்ணில் வைத்திருப்பேன் என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமியிடம் ஒரு வித்தியாசம் தெரிந்தது. பிள்ளைக்காகப் பதறினார்கள், வயிற்றில் அடித்துக்கொண்டார்கள், ஆனால் இத்தனை நாள் ஓதிய ஞானஸ்நானப் பாட்டு மட்டும் வாயில் வரவில்லை. என் மனசில் ஏதோ தட்டியது. மாமி, உண்மையைச் சொல்லுங்க என்று கேட்டேன். சேலை முந்தியைத் திருகிக்கொண்டே சொன்னார்கள். உங்கள் கடிதம் வந்த மறுநாளே, பிள்ளையைக் குளிப்பாட்டும்போது, பரிசுத்த ஆவியை இஸ்பிரீத்து சாந்து என்கிற பழைய பாஷையிலேயே சொல்லி ஊற்றியாயிற்றாம். பனிமயம் என்று மாதா பெயரும் வைத்தாயிற்றாம். பிறகு ஏன் என் எதிரில் தினமும் அழுதீர்கள் என்று கேட்டேன். அழுகய நிறுத்துனா நீ சந்தேகப்படுவியே ஏளா, என்கிறார்கள்!

பேத்திக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டு என் அம்மா வேம்பாரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். மாமி சொன்னதைக் கேட்டதும் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாதா திருவிழாவுக்கு வந்தபோது, நான் சப்பரம் பார்க்கப் போயிருந்த நேரத்தில், அம்மாவும் ஊற்றியிருக்கிறார்கள். சவேரியம்மாள் என்று எங்கள் ஆச்சி பெயர். இரண்டு சம்பந்திகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, யார் வைத்த பெயர் நிற்கும் என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

வாசற்படியில் பக்கத்து வீட்டு வடிவக்கா நின்றிருந்தாள். தன் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார் அண்ணாச்சி கடையிலிருந்து பிள்ளைக்குக் கற்கண்டு கொண்டுவந்திருந்தாள். கோபப்படாதே மெட்டில்டா, நானும் ஊத்திருக்கேன், என்றாள்.

பிறந்த அன்றைக்கே நடந்திருக்கிறது. எனக்கு உதிரம் போகிறதென்று மருத்துவச்சியும் மாமியும் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையை வடிவக்கா கையில் கொடுத்திருக்கிறார்கள். அது அழவில்லை, நீலமாகக் கிடந்தது. உங்க ஆளுக பிள்ளை, தண்ணி படாமப் போச்சுன்னா நீங்க எப்படித் துடிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா, என்றாள். நம் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள், எத்தனை வீட்டில் பார்த்திருப்பாள். வெந்நீர்ப் பானையில் ஒரு கை அள்ளி, அந்த வார்த்தைகளைச் சொல்லி ஊற்றிவிட்டாள். பெயர் சொல்லவேண்டுமே என்று தடுமாறியிருக்கிறாள். கட்டிலில் கிடந்த என் பெயர்தான் வாயில் வந்ததாம். தண்ணீர் பட்டதும் பிள்ளை வீல் என்று கத்தியது, பிறகு நல்லபடியாக இருக்கிறதே, எதற்குச் சொல்லிக் குழப்பவேண்டும் என்று விட்டுவிட்டாளாம்.

நாலு பேருமாகச் சாமியாரிடம் போனோம். முதலில் நடந்ததுதான் ஞானஸ்நானம், மற்ற இரண்டும் பிள்ளையைக் குளிப்பாட்டிய கணக்கு என்றார். வடிவக்கா நெற்றியில் திருநீறு இருக்கிறதே சாமி என்று மாமி கேட்டார்கள். சாமியார் வடிவக்காவிடம் என்ன நினைத்து ஊற்றினாய் என்று விசாரித்தார். இவங்க எத நெனச்சு ஊத்துவாங்களோ அதத்தான் நெனச்சேன் சாமி, என்றாள். அது போதும் என்று முடித்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள் அத்தான். உங்கள் சபையில் அதிகாரம் வாங்காத கை ஊற்றினால், அது சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியார் கையாக இருந்தாலும், வெறும் தண்ணீர். எங்கள் கோயிலில் வடிவக்கா கை கூடப் போதும். எது பெரிது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார்களோ அவர்கள் கை போதும் என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. உங்கள் கை ஹொனலூலுவில் இருந்தது.

எனக்கு வருகிற ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது? உங்கள் சொல்லைக் காப்பாற்ற ஊர் வாயில் விழுந்தவள் நான் ஒருத்திதான். பிள்ளையை அஞ்ஞானியாக வைத்திருக்கிறாள் என்று என்னைப் பேசியவர்கள் எல்லாம் ஆளுக்கொரு தடவை ஊற்றிவிட்டு வந்து பேசியிருக்கிறார்கள். நீங்கள் கப்பலில் இருந்து ஆணை வைக்கிறீர்கள், அவர்கள் குளிக்கிற அறையில் பெயர் வைக்கிறார்கள். பெற்றவளைக் கேட்கவேண்டும் என்று உங்களில் ஒருத்தருக்காவது தோன்றியதா?

கோயிலுக்குக் கொண்டுவந்து மீதிச் சடங்கை முடித்துப் பெயரைப் பதிந்துவிடலாம் என்று சாமியார் சொன்னார். பிள்ளையின் அப்பா டிசம்பரில் வருகிறார், அவர் முகத்துக்கு நேரே பேசிவிட்டுக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இதை விட வேறென்ன மரியாதை வேண்டும் உங்களுக்கு? வந்து சேருங்கள். சண்டையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

அன்புள்ள மனைவி,
மெட்டில்டா


சேசு மரி சூசை

தூத்துக்குடி,
12.12.1976

அத்தான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் வருகிற தேதி இருக்கும் என்று மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். வாசித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, மிச்சத்தைப் பிறகு வாசிக்கிறேன் என்று எழுந்துவிட்டேன். அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

மூன்று பேர் ஊற்றியதும் செல்லாது, இருந்தாலும் அறியாமல் செய்தவர்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்க நீங்கள் யார்? அழாமல் நீலம் பாரித்துக் கிடந்த பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவளை நீங்கள் மன்னிக்கிறீர்களா? இதை நான் வடிவக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் சிரிப்பாள், எனக்குத்தான் அவமானம்.

டிசம்பரில் வரவில்லை என்று எழுதிவிட்டீர்கள். சபையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆனவர்களைத்தான் ஹொனலூலு பக்கத்தில் இருக்கிற உங்கள் சபையின் பெரிய கோயிலுக்குள் விடுவார்களாம், உங்களுக்கு வருகிற மே மாதத்தில்தான் வருஷம் முடிகிறதாம், அந்தச் சமயத்தில் ஹொனலூலுவைத் தொடுகிற கப்பலாகப் பார்த்து இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களாம். என்னைக் கேட்கவில்லை. சொல்லத்தான் செய்திருக்கிறீர்கள்.

எல்லாம் உனக்காகத்தான் மெட்டில்டா என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். நம் கோயிலில் சாமியார் கட்டிவைத்த கலியாணம் மரணம் வரைக்கும்தான், உங்கள் கோயிலில் புருஷனையும் மனைவியையும் இணைத்து வைத்தால் அது மரணத்துக்குப் பிறகும் அறாது, பிள்ளையும் நாமுமாக நித்தியத்துக்கும் ஒரே குடும்பம், முதலில் நான் போய்வருகிறேன், பிறகு ஒருநாள் உன்னையும் கூட்டிப்போவேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

பொய் சொல்லமாட்டேன் அத்தான். இதைப் படித்ததும் அழுதேன். உயிர்த்தெழுந்தவர்கள் பெண் கொள்வதுமில்லை, கொடுப்பதுமில்லை என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் என்கிறார் சாமியார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் சொல்வதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. சின்னப் பிள்ளைகள் செத்தால் நேரே கடவுளிடம் போகும் என்பதும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. சுவருக்கு வெளியே பிள்ளையைப் புதைத்த எந்தத் தாயிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அவளுக்கும் பிடிக்கும். உங்கள் சபை கெட்டது என்று நான் இதுவரை சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று எழுதியிருந்தீர்களே, பரலோகத்தில் பிதாவோடு ஒரு தாயும் இருக்கிறாள், ஆனால் அவளிடம் யாரும் ஜெபிப்பதில்லை, அவளைப்பற்றி அதிகம் பேசுவதும் இல்லை என்று. அதைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவளை எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் இருக்கிறாள், பெற்றாள், வளர்க்கிறாள், எதற்கும் அவளை யாரும் கேட்பதில்லை. இதைத் தெரிந்துகொள்ள நான் அமெரிக்கச் சபையில் சேரவேண்டுமா?

நமக்குக் கலியாணமாகி நாலு வருஷம். அதில் நீங்கள் வீட்டில் இருந்த நாளெல்லாம் சேர்த்தால் ஒரு வருஷம் தேறாது. உங்களுக்குக் குழம்பில் புளி எவ்வளவு பிடிக்கும் என்பதே எனக்கு இன்னும் கைப்பழக்கம் ஆகவில்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் பழகுகிறேன். பிள்ளை இப்போது குப்புற விழுந்து நெஞ்சைத் தள்ளித் தள்ளி வாசல்வரை வருகிறது. ஆண்பிள்ளைக் குரல் கேட்டால் பயந்து அழுகிறது. பக்கத்து வீட்டு அண்ணாச்சியைக் கண்டாலே அழுகிறது. நித்தியத்துக்கும் கூட இருக்கப்போகிற அப்பாவைப் பார்த்து இந்தப் பிள்ளை அலறும், அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?

இனி என் பங்குக்கு நானும் கேட்காமல் சொல்கிறேன். கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோகிறேன். மெட்டில்டா என்றே பெயர் பதிகிறோம். தாயும் மகளும் ஒரே பெயரா என்று சாமியார் கேட்டார். இந்தப் பெயரை ஒருத்தரும் யோசித்து வைக்கவில்லை சாமி, அதனால்தான் எனக்கு நம்பிக்கை என்றேன். மாமிக்கும் அம்மாவுக்கும் வருத்தம்தான், இரண்டு பேரும் ஒருவழியாகச் சமாதானமாகிப் பலகாரம் சுடப்போகிறார்கள். வடிவக்காவை முன்வரிசையில் உட்காரவைக்கப்போகிறேன்.

நீங்கள் வந்து உங்கள் முறைப்படி தலையில் கைவைத்து ஆசீர்வதியுங்கள். நான் தடுக்கமாட்டேன். நாலாவதாக ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை திரும்பிப் பார்க்கும். எட்டு வயதில் அது கேட்டால் தொட்டியிலும் முழுக்குங்கள், பக்கத்தில் துண்டோடு நிற்கிறேன். கை மட்டும் இங்கே வரவேண்டும், அத்தான். கடிதத்தில் வைத்து அனுப்பினால் அது தலையில் இறங்காது.

கடலில் காற்று மாறுகிற காலம். உங்களைக் காக்கும்படி மாதாவிடம்தான் கேட்கிறேன். அவளிடம் கேட்கக் கூடாது என்று நீங்கள் எழுதினாலும் கேட்பேன், இத்தனை வருஷமும் உங்களைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தவள் அவள்தான். எங்கிருந்தாலும் சுகமாக இருங்கள். எனக்கு அந்த நித்தியத்தில் பங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. மே மாதம் அந்தக் கோயிலுக்குள் போகுமுன் ஒரு தடவை இந்த வீட்டுக்குள் வந்துவிட்டுப் போங்கள். அதுவரை நம் சாமியார் கட்டிவைத்த அளவுக்கே இருக்கிறேன்.

சாகும்வரைக்கும் மட்டும்
உங்கள் மனைவி,
மெட்டில்டா